மேற்குக் கோடியில் மோட்டுவளை மாற்றியது

ஃபெஞ்சல் புயல் மழை விட்ட மறுநாள் ஏணி போட்டு ஏறி, மேற்குச் சுவரில் மோட்டுவளை, அதாவது கூரை உச்சியில் நீளவாக்கில் படுத்திருக்கும் மரம், உட்காரும் பொந்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் புயல் உள்ளே வந்து திருவண்ணாமலை, ஊத்தங்கரைப் பக்கமெல்லாம் கொட்டித் தீர்த்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒடுகத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டிலும் விடாத மழைதான். கோடையில் செய்த வேலை ஒரு பெரிய மழையைத் தாங்கினால்தான் இதைப் பற்றி எழுதுவது என்று வைத்திருந்தேன். தாங்கிவிட்டது.

வீட்டின் அளவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. கூடம் உள்ளளவில் 22 அடி நீளம், 13 அடி அகலம். ஒன்றரை அடி மண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. கிழக்கு, மேற்குச் சுவர்கள் மட்டும் முக்கோணமாக மேலே ஏறும். இவற்றைக் கோடிச் சுவர் என்று எழுதுகிறேன். நடுவில் குறுக்கே ஒரு விட்டம், விட்டத்தின் மேல் செங்குத்தாக ஒரு குத்துக்கால். மோட்டுவளை ஒரே மரம் அல்ல, இரண்டு துண்டு. இரண்டும் குத்துக்காலின் தலையில் ஒன்றின் மேல் ஒன்று பாதிப் பாதியாக வெட்டிச் சேர்த்தவை. வெளி முனைகள் கோடிச் சுவருக்குள் போய் உட்காரும். ஆக, ஒவ்வொரு பாதிக்கும் 11 அடி இடைவெளி. மேலே உச்சியிலிருந்து சுவர் வரை சரிவாக இறங்கும் பனங்கைமரம், அதன் குறுக்கே ரீப்பர் என்னும் மெல்லிய சட்டம், அதன் மேல் சீமை ஓடு.

ஒழுகல் பழைய கதை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதே, அந்த மழையில்தான் மேற்குப் பக்கம் முதலில் ஒழுகியது. குரங்கு ஓட்டை உடைத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். எங்கள் பக்கம் குரங்கின் மேல் பழி போட்டால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். ஓடு மாற்றினோம். அடுத்த மழைக்கும் ஒழுகியது. மோட்டு ஓட்டின் மேல் சிமென்ட் கலவையைக் கனமாக அப்பினார்கள். ஒரு கோடை வெயிலில் அது நீளவாக்கில் வெடித்தது. வெடிப்பு வழியாக இறங்கிய தண்ணீர் முன்னைப்போல் தரையில் சொட்டாமல், மோட்டுவளை மேலேயே ஓடிக் கோடிச் சுவருக்குள் போனது. சொட்டு நின்றதும் வேலை சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். பெரியம்மா மட்டும், “சொட்டு நின்னா தண்ணி எங்கடா போவுது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் இருப்பவர் அவர்தான்.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனபோது, தெருவில் நின்று பார்த்தாலே கூரையின் மேற்குப் பாதி கீழே சரிந்திருப்பது தெரிந்தது. தண்ணீர்க் குழாய் மட்டம் வைத்து அளந்தேன். கிழக்கு முனையைச் சுழியாக வைத்தால், குத்துக்கால் தலை 2 நூல் இறக்கம், மேற்கு முனை 1¾ இஞ்ச் இறக்கம். இரண்டு முனைக்கும் கயிறு கட்டிப் பார்த்ததில், நடுவில் மரத்தின் சொந்த வளைவு 6 நூல்தான். தச்சு வேலைக்கணக்கில் ஒரு இஞ்சுக்கு 8 நூல். அதாவது, மரம் வளைந்ததைவிட அதன் முனை இறங்கியது அதிகம். தூக்குக்குண்டு விட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. மேற்குக் கோடியிலிருந்து 5 அடி தள்ளி, வடக்குச் சுவரின் தலை 6 நூலும் தெற்குச் சுவரின் தலை 4 நூலும் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன.

மோடு கீழே இறங்கினால் கைமரத்தின் அடி சுவரை வெளியே தள்ளும். நடுவில் விட்டம் இரண்டு சுவரையும் பிடித்திருப்பதால் அங்கே நகராது. கோடியில் குறுக்குச் சுவரே பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் பிடிமானம் எதுவும் இல்லாத இடத்தில்தான் சாயும். எங்கள் சுவர் சாய்ந்ததும் சரியாக அங்கேதான்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வயதான ஆசாரி வந்தார். ஸ்குரூ டிரைவரை வாங்கி மோட்டுவளையை நீளத்துக்கும் குத்திப் பார்த்தார். 10 அடி வரைக்கும் முனை இறங்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் கைப்பிடி வரை உள்ளே போனது. “மரம் நல்லாத்தான் கீது தம்பி, உக்காந்த எடந்தான் செத்துப்போச்சி” என்றார். கரையான் சுவரின் மண்ணுக்குள்ளேயே ஏறி, நனைந்த முனையைத் தின்றிருக்கிறது. அறைக்குள் தெரிகிற மரத்தில் அதன் சுவடே இல்லை.

அவரை அழைக்கும் முன் கூரை ஷீட் போடுகிறவர் ஒருவரும் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் பிரித்துவிட்டு இரும்புச் சட்டத்தில் தகரம் போட ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டார். மே மாதத்தில் வேலூர் வெயில் 42 டிகிரியைத் தொடும் ஊரில் தகரத்துக்குக் கீழே பெரியம்மாவைப் படுக்கவைக்க மனமில்லை. அடுத்த யோசனை, மோட்டுவளைக்குப் பதில் 4க்கு 2 இஞ்ச் பாக்ஸ் பைப். எடை மரத்தில் பாதிதான், தூக்குவது சுலபம், கரையானும் தின்னாது. ஆனால் குத்துக்கால் தலையில் பழைய மரத்தோடு சேர்க்க ஒரு தகட்டுக் கூடு செய்ய வேண்டும், ஒவ்வொரு கைமரத்துக்கும் ஒரு காது பற்றவைக்க வேண்டும். பற்றவைப்புப் பொறி பறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உலர்ந்த பனங்கை. வேண்டாம் என்று முடிவு செய்தோம். முழு நீளத்தையும் மாற்றுவதாக இருந்தால் இரும்பையே போட்டிருப்பேன். பாதி மட்டும் என்றால் மரத்தோடு மரம்தான் ஒத்துப்போகும்.

எந்த மரம்? பனை என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் வேர் முதல் முனை வரை வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை வேண்டும். இப்போது அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த கட்டுப்பாடு அது, நல்ல கட்டுப்பாடுதான். ஆசாரி பழைய மோட்டுவளையில் ஓரிடத்தைச் செதுக்கி, எச்சில் தொட்டுத் தேய்த்து, விரலில் ஏறிய மஞ்சள் கறையைக் காட்டினார். வேங்கை. ஜவ்வாது மலையடிவாரத்தில் அந்தக் காலத்து வீடுகளுக்கு அது கிடைத்திருக்கும். இன்று புதிதாக வாங்குவது எளிதல்ல, எங்களுக்கு இடித்த வீட்டு மரம்தான் வழி.

வேலூரில் பழைய மரக்கடைகளில் தேடியதில் 4க்கு 6, 13 அடி நீளத்தில் ஒரு வேங்கைக் கட்டை கிடைத்தது. இடித்த வீட்டு உத்திரம். கன அடி 2,400 ரூபாய் என்று 2.17 கன அடிக்கு 5,200 ரூபாய். வாங்கும்போது பார்த்தவை: இரண்டு முனையிலும் வெட்டுமுகத்தில் வெடிப்பு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, ஒரு முனையில் சுத்தியலால் தட்டினால் மறு முனையில் காது வைத்தவருக்குக் கணீரென்று கேட்கிறதா, பழைய துளைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதில் கடைக்காரர் பொறுமை இழந்தார். பழைய உத்திரத்தில் ஜன்னல் கொக்கிக்கும் ஊஞ்சல் வளையத்துக்கும் போட்ட துளைகள் இருக்கும். மரத்தின் நடு நீளத்தில் அடிப்பக்கம்தான் இழுவையைத் தாங்குவது. துளை உள்ள முகம் அங்கே வரக்கூடாது. எங்கள் கட்டையில் இருந்த துளைகள் மேல்முகத்துக்கு வருமாறு திருப்பிக்கொண்டோம்.

இழைக்கும் முன் ஆணி தேட வேண்டும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனேன். தலை உடைந்து உள்ளே புதைந்திருந்த ஆணிகள் எல்லாம் இழுத்துக் காட்டின. இழைப்பு மெஷினுக்காரர் ஒரு பிளேடு போனால் நம்மிடம்தான் கேட்பார். இந்தக் காந்தம் ஐந்து பைசா செலவில்லாத கருவி, பழைய மரம் வாங்குகிறவர்கள் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சரி, பளு எவ்வளவு? ஒரு சீமை ஓட்டைத் தராசில் வைத்தேன்: 2 கிலோ 600 கிராம். ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறவைத்து மறுநாள் நிறுத்தேன்: 2 கிலோ 950. மழையில் கூரையே கனக்கும் என்று பெரியவர்கள் சொல்வது தராசிலும் சரியாக இருக்கிறது. மங்களூரில் பேசல் மிஷன் 1865இல் ஓட்டுச் சூளை தொடங்கியதிலிருந்து நம் ஊர்க் கூரைகளில் பரவிய வடிவம் இது. நாட்டு ஓட்டை இரண்டு மூன்று அடுக்காகப் போடுவதோடு ஒப்பிட்டால் இதுவே லேசு. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு. எங்கள் மேற்குப் பாதி மோட்டுவளை சுமக்க வேண்டிய பரப்பு எட்டரைச் சதுர மீட்டர். கைமரம், ரீப்பரையும் சேர்த்தால் காய்ந்த கூரையில் அரை டன்னை ஒட்டி வருகிறது. ஓடு மாற்ற ஏறும் ஆள் வேறு. 4க்கு 6 கட்டையை 6 இஞ்ச் உயரமாக நிறுத்தி வைத்தால் 11 அடிக்குப் போதும். அதே கட்டையைப் படுக்கவைத்தால் போதாது.

முதல் வேலை முட்டுக்கொடுப்பது. சென்டரிங் வேலைக்கு வாடகைக்கு விடும் ஸ்குரூ ஜாக்கிகள் எடுத்தோம். தரை ரெட் ஆக்ஸைடு பூசிய பழைய தரை, ஜாக்கியின் பாதம் நேராக நின்றால் குத்தி உடைத்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒன்றரைக்கு ஒன்றரை அடிப் பலகை. மேஸ்திரியும் நானும் சேர்ந்து ஜாக்கிகளை மோட்டுவளைக்கு நேர் கீழேயே நிறுத்தினோம். இறங்கிய மரத்தை முதலில் பழைய மட்டத்துக்குத் தூக்கிவிடலாம், பிறகு வெட்டலாம் என்பது திட்டம். ஒரு திருகுக்கு 2 நூல் ஏறும். மூன்றாவது திருகில் மேலே படக்கென்று சத்தம். கோடிச் சுவரின் உள்பூச்சு ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. இறக்கிவிட்டு ஏறிப் பார்த்தால், எப்போதோ யாரோ மோட்டுவளையின் முனையைச் சுற்றிப் பொந்து முழுக்கச் சிமென்டைத் திணித்திருக்கிறார்கள். மரத்தைத் தூக்குகிறோம் என்று நினைத்துச் சுவரின் தலையையே தூக்கிக்கொண்டிருந்தோம்.

ஆசாரி அப்புறம் வந்தார். பார்த்துவிட்டு, “மோட்ட இன்னாத்துக்குத் தூக்குறீங்க? அது எப்படியும் போவப்போற மரம். கைமரத்தத் தாங்குங்க” என்றார். அதன்படி மாற்றினோம். மோட்டுக்கு 2 அடி கீழே, இரண்டு சரிவிலும் கைமரங்களுக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு 12 அடிச் சட்டம். ஒரு சட்டத்துக்கு 4 ஜாக்கி, ஆக மொத்தம் 8. சட்டம் வழுக்காமல் இருக்கக் கைமரத்தில் சின்ன ஆப்புக் கட்டைகளை ஆணியடித்தோம். இரண்டு பக்கத்துச் சட்டங்களையும் குறுக்கே சவுக்குக் கட்டையால் கட்டினோம். ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் மறுபக்கம் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்தக் கட்டு.

தூக்கும் முன் ஓட்டைப் பிரித்தோம். முழுக்கப் பிரிக்கத் தேவையில்லை. மோட்டு ஓடும், அதற்குக் கீழே இரண்டு பக்கமும் மூன்று மூன்று வரிசையும் மட்டும். ஏறக்குறைய 100 ஓடு, அதாவது 250 கிலோவுக்கு மேல் பாரம் இறங்கியது. பிரித்த ஓடுகளை வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். ஒரே அச்சு மாதிரி தெரிந்தாலும், ஒரு சூளை ஓட்டின் காது இன்னொரு சூளை ஓட்டின் பள்ளத்தில் சரியாக உட்காராது. எங்கள் கூரையில் மூன்று விதமான முத்திரைகள் இருந்தன. சாக்பீஸால் வரிசை எண் எழுதி அடுக்கியது பின்னால் வெகுவாக உதவியது. வேலை காலை 6 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்குள் மேலிருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வைகாசி வெயிலில் அதற்குமேல் ஓட்டில் கை வைக்க முடியாது.

8 ஜாக்கியையும் ஒரே சமயத்தில் கால் திருகு, மறுபடி கால் திருகு என்று ஏற்றினோம். அரை இஞ்ச் ஏறியதும் ஏழு ஜோடிக் கைமரமும் மோட்டுவளையைவிட்டு எழும்பின. ஆணிகளைப் பிடுங்கவில்லை. மரத்துக்கும் கைமரத்துக்கும் நடுவில் ஹாக்சா பிளேடை விட்டு அறுத்தோம். கடப்பாரை போட்டு நெம்பினால் பழைய பனங்கை நார் நாராகப் பிளந்துவிடும். பிறகு மோட்டுவளையைக் குத்துக்காலுக்கு ஒரு அடி முன்னால் ஒரு வெட்டு, நடுவில் ஒரு வெட்டு. துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கினோம். சுவருக்குள் இருந்த கடைசி ஒன்றரை அடி மரமாகவே வரவில்லை. கரையான் மண்ணும் காகிதம் போன்ற மரத் தோலுமாகக் கூடையில் அள்ளினோம். வெளியே இருந்த 10 அடியோ ரம்பத்துக்கே அடங்கவில்லை. அதை ஆசாரி நெஞ்சில் அணைத்தபடி ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார். ஒரு வாசற்காலுக்கு ஆகும் என்றார்.

அடுத்தது உட்காரும் இடம். இந்த வேலையின் உயிரே இதில்தான் என்பது என் எண்ணம், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொந்தில் இருந்த சிமென்டையும் நனைந்த மண்ணையும் கெட்டி மண் தெரியும்வரை கொத்தி எடுத்தோம். கரையான் பாதை இருந்த இடமெல்லாம் குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்து 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் கலந்து ஊற்றினோம். கையுறை, முகக் கவசம் இல்லாமல் தொடாதீர்கள். பெரியம்மா அந்த ராத்திரி பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டார். உலர்ந்த பிறகு அடியில் சுண்ணாம்புக் கலவை, அதன் மேல் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை இஞ்ச் கனத்தில் ஒரு கடப்பாக்கல். மரத்தின் பாரம் இப்போது 4 இஞ்ச் மண்ணின் மேல் இறங்காமல் ஒரு அடி அகலத்துக்குப் பரவும். கல்லின் மேல் அலுமினியத் தகடு ஒன்று. அதன் ஓரங்களைக் கல்லுக்கு வெளியே கீழ்நோக்கி மடக்கிவிட்டோம். கரையான் மரத்துக்குப் போக வேண்டுமானால் அந்த மடிப்பைச் சுற்றி வெளியே வந்துதான் ஏற வேண்டும். வந்தால் மண் பாதை கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் தட்டிவிடலாம்.

மேஸ்திரிக்கு இதில் ஒரு மனத்தாங்கல். மரத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் மேலேயும் அரை இஞ்ச் இடைவெளி விட வேண்டும், கலவை போட்டு அடைக்கக் கூடாது என்றேன். “ஓட்டை விட்டா எலி வரும் சார், பார்க்கவும் நல்லா இருக்காது” என்றார். கொசுவலைக் கம்பியை மடித்து இடைவெளியின் வாயில் சொருகி ஒத்துப்போனோம். சுவருக்குள் இருக்கும் முனைக்குக் காற்று வேண்டும். நனைந்தாலும் உலர்ந்துவிட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும். பழைய மரம் செத்ததற்குக் காரணம் மழையில் பாதி, அந்தச் சிமென்ட் அடைப்பில் பாதி.

புது மரத்தில் வெட்டு வேலை. குத்துக்கால் மேல் இருக்கும் கிழக்குத் துண்டின் நாக்கு, அதாவது பாதியாக வெட்டிய முனை, கீழ்ப்பாதி, 12 இஞ்ச் நீளம். ஆகவே புது மரத்தின் நாக்கு மேலே வந்து அதன் மேல் படுக்க வேண்டும். சுவரின் உள்முகத்திலிருந்து குத்துக்கால் மையம் 11 அடி, மையத்தைத் தாண்டி 6 இஞ்ச், சுவருக்குள் 9 இஞ்ச். மொத்தம் 12 அடி 3 இஞ்ச். பழைய மரத்தின் உயரம் ஐந்தரை இஞ்ச், புதியது இழைத்த பின் 5¾. கைமரம் உட்காரும் மேல்முகம்தான் ஒரே கோட்டில் வர வேண்டும், அடிப்பக்கம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. அதனால் எல்லா அளவையும் மேல்முகத்திலிருந்தே எடுத்தோம். சுவரில் கல்லை 2 நூல் இறக்கி வைத்தது இதற்காகத்தான். ஆசாரி டேப்பை நம்பவில்லை. ஒரு ரீப்பர் துண்டை மேலே கொண்டுபோய்ப் பழைய நாக்கில் வைத்துக் கோடு கிழித்துவந்து அதையே அளவுகோலாக வைத்து வெட்டினார். கைரம்பம், ஒன்றரை இஞ்ச் உளி, கொட்டாப்புளி, அவ்வளவுதான். சேர்த்துப் பார்த்தபோது இடையில் நகம் நுழையவில்லை. சுவருக்குள் போகும் முனைக்கும் வெட்டுமுகத்துக்கும் முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் இரண்டு பூச்சு. அந்த எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளிக்கும். சித்தாள் ஒருவருக்கு மணிக்கட்டில் பட்டு அன்றைக்கே சிவந்துவிட்டது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு பிறகு கையுறை போட்டுப் பூசினால் பாதுகாப்பு.

மரத்தை எப்படி உள்ளே விடுவது என்பதில்தான் நெடுநேரம் பேச்சு. வெளியிலிருந்து கோடிச் சுவர்ப் பொந்து வழியாக நேராகச் செருகுவதுதான் சுலபம். ஆனால் மேற்கே 5 அடிச் சந்து, அதற்கப்பால் அடுத்தவர் சுவர். 12 அடி மரம் அங்கே திரும்பாது. அறைக்குள்ளிருந்து ஏற்றினால் நாக்கு இடிக்கும், ஏனென்றால் கிழக்குத் துண்டின் நாக்குக்கு மேலே போய்ப் படுக்க வேண்டியது கீழிருந்து வருகிறது. மரத்தை முதலில் சுவருக்குள் 12 இஞ்ச் கூடுதலாகத் தள்ளி, நாக்கு விலகியதும் மேலே தூக்கி, பிறகு கிழக்கே இழுக்க வேண்டும். 9ம் 12ம் 21. சுவரின் கனம் 18 இஞ்ச். மூன்று இஞ்ச் வெளியே நீட்டும். ஆகவே பொந்தை மறுபக்கம் வரை திறந்தோம். மரத்தின் எடை 45 கிலோவுக்கு மேல். சாரத்தில் நான்கு பேர், இரண்டு கயிறு. பெரியம்மா மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து கட்டி, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்த பிறகுதான் தூக்கவிட்டார். மரத்தின் முனை சந்துக்குள் எட்டிப் பார்த்தபோது அங்கே நின்றிருந்த பையன்கள் அதைக் கையால் தள்ளி உதவி செய்வதாக நினைத்துக்கொண்டார்கள். அவர்களை விரட்டுவதற்கு ஒருவரைக் கீழே நிறுத்தியிருக்க வேண்டும்.

நாக்கு உட்கார்ந்ததும் அதன் வழியே குறுக்காக இரண்டு அரை இஞ்ச் போல்ட், இரண்டு பக்கமும் அகல வாஷர். மட்டம் பார்த்தபோது மேற்கு முனையைக் குத்துக்கால் தலையைவிட 2 நூல் உயர்த்தியே வைத்தோம். சுண்ணாம்புப் படுக்கை கொஞ்சம் அமுங்கும் என்று கணக்கு.

ஜாக்கியை இறக்கும் முன் சாய்ந்த சுவர். கோடியிலிருந்து 5 அடி தள்ளி, சுவரின் தலைக்கு 6 இஞ்ச் கீழே, வடக்கிலிருந்து தெற்காக 16 மில்லி இரும்புக் கம்பி ஒன்று. பதினாறரை அடி நீளம், இரண்டு முனையிலும் லேத்தில் மரை வெட்டி, வெளிப்பக்கம் 9 இஞ்ச் சதுரத் தகடும் நட்டும். கம்பி, தகடு, மரை எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். கைமரத்தின் பாரம் ஜாக்கியில் இருக்கும்போதே நட்டை முடுக்கியதில் சுவர் 2 நூல் உள்ளே வந்தது. அதற்குமேல் முடுக்கினால் பூச்சில் மயிரிழை வெடிப்பு தெரிய ஆரம்பித்தது. விட்டுவிட்டோம். சுவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது, இனி சாயாமல் இருந்தால் போதும்.

கைமரங்களை மறுபடி அடிப்பதற்கு 5 இஞ்ச் ஆணி, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே நாலரை மில்லித் துளை. வேங்கை ஆணியை வளைக்கும், பனங்கை ஆணியால் பிளக்கும். துளை போடாமல் அடித்த முதல் இரண்டு ஆணியும் வளைந்தன. ஜாக்கியை ஒரு ராத்திரி பாதி இறக்கத்தில் வைத்துவிட்டு மறுநாள் முழுக்க இறக்கினோம்.

ஓடு போடுவது பெரிய கதை இல்லை. மோட்டு ஓட்டுக்குச் சிமென்ட் கலவையைத் தவிர்த்து, சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. அதையும் ஓட்டின் ஓரங்களில் மட்டும் வைத்து, உள்ளே பொள்ளலாக விட்டோம். கூரை வெயிலில் விரியும், ராத்திரியில் சுருங்கும். சுண்ணாம்பு கூடவே கொஞ்சம் நெளிந்துகொடுக்கும். ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டுக் காயவைத்தோம். குரங்குகள் சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போயின.

செலவு: மரம் 5,200, இழைப்பு 600, வண்டி 1,200, ஜாக்கி வாடகை 1,000, ஆசாரி, மேஸ்திரி, ஆட்கள் கூலி 14,400, மாற்று ஓடு 1,400, மோட்டு ஓடு 600, கம்பி வகை 1,900, மருந்தும் எண்ணெயும் 650, கல்லும் தகடும் 300, சுண்ணாம்பு வகை 400. மொத்தம் 27,650 ரூபாய். சாப்பாடு பெரியம்மா கணக்கு.

மழைக்குப் பிறகு குழாய் மட்டம் வைத்ததில் மேற்கு முனை 1 நூல் அமுங்கியிருக்கிறது. இன்னும் 1 நூல் உயரத்திலேயே நிற்கிறது. கம்பி நட்டு தளரவில்லை. மறுபடி செய்வதானால் கம்பியை முதலில் போட்டுவிட்டுத்தான் ஓட்டையே பிரிப்பேன். பாரம் இறங்கும்போதும் ஏறும்போதும் சுவர் ஆடியதை ஆசாரி கண்டுகொள்ளவில்லை, எனக்கு அடிவயிறு கலங்கியது. கடப்பாக்கல்லையும் இன்னும் கனமானதாக, இரண்டரை இஞ்சில் தேடியிருப்பேன். பொந்தின் வெளிவாயை அடைக்கும்போது ஒரு செங்கல்லைக் கலவையில்லாமல் உலர்வாகச் செருகியிருந்தால், சந்திலிருந்தே கழற்றி முனையைப் பார்த்துவிடலாம். இப்போது ஏணி போட்டு உள்ளிருந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிழக்கு முனையையும் குத்திப் பார்த்தோம். ஸ்குரூ டிரைவர் கால் இஞ்ச் இறங்குகிறது, சுற்றிலும் அதே சிமென்ட் அடைப்பு. பொங்கல் கழிந்ததும் மரத்தை அசைக்காமல் அடைப்பை மட்டும் கொத்தி எடுத்து, மருந்து ஊற்றி, காற்று போக விடுவதாக ஆசாரியிடம் பேசியிருக்கிறேன். ஜாக்கி இரண்டு போதும் என்கிறார். நான் நான்கு எடுக்கப்போகிறேன்.